மார்கழி இருட்டில் உட்காருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்தால் நெல்லைச் சீமையில் விடியுமுன் எழுந்து தியானமாகச் சும்மா உட்காருகிறவர்கள் கூடிவிடுவார்கள். டவுன் ரத வீதிகளில், பாளையங்கோட்டையில், அம்பாசமுத்திரத்து வயலோர வீடுகளில் ஆண்டுதோறும் சிலர் புதிதாகத் தொடங்குவார்கள். தை பிறப்பதற்குள் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணும் தெரியல, வெறும் இருட்டுதான்" என்பார்கள். மனம் அடங்கவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். பெரும்பாலும் கோளாறு மனதில் இல்லை. நேரத்திலும் அறையிலும் விளக்கிலும் இருக்கிறது.

தூக்கம் சொக்குவது, கால் மரத்துப்போவது, நினைப்பு கண்டபடி ஓடுவது எல்லாம் யாருக்கும் நடப்பவை. நாலைந்து நாளில் தானாகவே குறையும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுவது

பிரம்ம முகூர்த்தம் என்று சொல்லி 5 மணிக்கு அலாரம் வைத்து, முகம் கழுவி, பாய் விரித்து, 5:25க்கு உட்கார்ந்தால் இருட்டின் நல்ல பகுதி போயாகிவிட்டது. திருநெல்வேலியில் மார்கழித் தொடக்கத்தில் சூரிய உதயம் 6:26 வாக்கில் இருக்கும். மாதக் கடைசியில் 6:38 ஆகிவிடும். உதயத்துக்குச் சுமார் 75 நிமிடம் முன்பே கீழ்வானத்தில் வெளிச்சம் கலக்க ஆரம்பித்துவிடும். பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடிகிறது. ஆகவே அதன் முதல் இருபது நிமிடம்தான் முழு இருட்டு. முடிகிற நேரத்தில் அடிவானக் கோடே தெரியத் தொடங்கியிருக்கும். முழு இருட்டு அரை மணி நேரம் வேண்டுமானால் 4:40க்குப் பாயில் இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்குப் பிழையும் உண்டு. டிசம்பர் 21, 22க்குப் பிறகு பகல் நீளும் என்பது உண்மை. அதனால் விடியலும் முந்திக்கொள்ளும் என்று நினைத்து அலாரத்தை முன்னே நகர்த்துகிறார்கள். நம் ஊரில் சூரியன் ஆகத் தாமதமாக உதிப்பது ஜனவரிக் கடைசியை ஒட்டித்தான். மார்கழி முழுக்க அலாரத்தைத் தொட வேண்டியதில்லை.

நிலாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்பிறையின் முதல் பத்து நாட்களில் விடியுமுன் நிலா மறைந்திருக்கும். நெல்லையப்பர் கோயில் தாமிர சபையிலும் குற்றாலம் சித்திர சபையிலும் கூட்டம் கூடுகிற திருவாதிரை, பௌர்ணமியை ஒட்டி வரும். அதிலிருந்து ஒரு வாரம் பத்து நாளைக்கு விடியற்காலை நிலா மேற்கிலோ உச்சியிலோ நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அமாவாசை கழிந்த மறுநாள் தொடங்கினால் வேலை சுலபம்.

உட்கார்ந்ததும் விளக்கேற்றுவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் புதியவர்கள் இதையே செய்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. பாயில் உட்கார்ந்த கையோடு தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றி, சுடரையே வெறித்துப் பார்க்கிறார்கள். பிறகு கண்ணை மூடுகிறார்கள். மூடிய இமைக்குள் ஒரு வெளிச்சம் நிற்கிறது. உடனே பரவசம்.

"அண்ணாச்சி, எனக்கு ஜோதி தெரிஞ்சுட்டு."

"அப்படியா? கண்ணத் தொறக்காம முழிய மட்டும் இடது பக்கம் திருப்பிப் பாரும். அதுவும் கூடவே வருதா?"

"ஆமா, வருது."

"அப்ப அது உம்ம கண்ணுக்குள்ள ஒட்டிக்கிட்டு கெடக்கதுதான்."

சுடரை வெறித்ததால் விழித்திரையில் ஒரே இடம் களைத்துப்போய், கண்ணை மூடிய பிறகும் அதன் தடம் சிறிது நேரம் நிற்கிறது. முதலில் வெளிச்சமாகவும், பிறகு நீலமாகவோ பச்சையாகவோ நிறம் மாறியும், விழி போகிற பக்கமெல்லாம் கூடவே போய், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். மாலையில் பல்பை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் இதேதான் தெரியும். இமையை விரலால் அழுத்தினால் தெரிகிற வளையங்களும் பொறிகளும் கூட விழித்திரை செய்கிற வேலைதான்.

இதை ஜோதி என்று நம்பினால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். நிறையக் கெடுகிறது. அடுத்த நாள் அது கொஞ்சம் மங்கலாகத் தெரியும். உடனே இன்னும் அதிக நேரம் வெறிப்பார்கள். ஒரு முகத்தை ஐந்து முகமாக்குவார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள். கண் எரிந்து நீர் கொட்டும். அதையும் பக்தி என்று எடுத்துக்கொள்வார்கள். கண் நோய்க்கோ வலிப்புக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சுடரை உற்றுப் பார்க்கவே கூடாது. கடைசியில் "தரிசனம் காட்டித் தருகிறோம்" என்று பணம் வாங்குகிற ஆளிடம் போய் நிற்பார்கள். அங்கே காட்டுவதும் பெரும்பாலும் இதே விழித்திரைத் தடம்தான். கட்டணம் மட்டும் கூடுதல்.

இருட்டு தானே வெளிச்சம் தரும். அதற்குக் கண் பழக வேண்டும், பழக நேரம் வேண்டும். விழித்திரையில் பகல் பார்வைக்கு உள்ள கூம்புச் செல்கள் ஏழெட்டு நிமிடத்தில் இருட்டுக்குப் பழகி, அதற்குமேல் முன்னேறாமல் நின்றுவிடும். இரவுப் பார்வைக்கு உள்ள குச்சிச் செல்கள் மெதுவாகத்தான் வரும். வெளிச்சத்தில் சிதைந்த ரொடாப்சின் என்ற நிறமி அவற்றில் மறுபடி சேர வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. முழுதும் சேர இன்னும் கூட ஆகும். எனவே ஏழாவது எட்டாவது நிமிடத்தில் ஒரு தேக்கம் வரும். இதற்குமேல் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று தோன்றும். "வெறும் இருட்டுதான்" என்று எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுந்துவிடுகிறார்கள். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் கதவு நிலை, ஜன்னல் கம்பி, கொடியில் தொங்கும் துண்டு என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். நிறம் இருக்காது, எல்லாம் சாம்பல்தான். நேராகப் பார்த்தால் மறையும், சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். ஏனென்றால் விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிச் செல்கள் கிடையாது. எதையும் பிடித்து நிறுத்தாமல் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. உற்றுப் பார்த்தால் பொருள் நழுவிவிடுவதால், கண் தானே தளர்ந்துவிடும். கண் தளர்ந்தால் மனமும் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும்.

நடுவில் மணி பார்க்கச் செல்போனைத் தொட்டால் போச்சு. சில நொடி வெளிச்சம் போதும், இருபது நிமிடப் பாடு வீண். போனை அடுத்த அறையில் வையுங்கள். இன்வெர்ட்டர், மோடம், சுவிட்ச் போர்டு இண்டிகேட்டர் எல்லாவற்றின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். தெருவிளக்கு விழுகிற ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், காற்று வரட்டும்.

விளக்குக்கு இடம் கடைசிப் பத்து நிமிடத்தில். 4:40க்கு உட்கார்ந்தால் 5:10க்கு ஏற்றலாம். தீக்குச்சியைக் கிழிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாவது பழகிய நிலையில் இருக்கும். விளக்கை நாலடி தள்ளித் தரையில் வைத்து, சுடர் நேரே கண்ணில் படாதபடி முன்னால் ஒரு செம்பை வையுங்கள். பார்க்க வேண்டியது சுடரை இல்லை, எதிர்ச் சுவரில் அது விழுகிற வெளிச்சத்தை. அரை மணி இருட்டுக்குப் பிறகு ஒற்றைத் திரி அறை முழுவதையும் நிறைக்கும். கண்ணை மூடினாலும் இமைக்குள் தடம் எதுவும் நிற்காது.

எண்ணெயும் திரியும்

தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் இங்கே வெப்பநிலை அதற்குக் கீழே போவது சகஜம். தென்காசி, குற்றாலம் பக்கம் சொல்லவே வேண்டாம். உறைந்த எண்ணெய் திரியில் ஏறாது. சுடர் சுருங்கித் திரி கருகும். இலுப்பெண்ணெயும் குளிருக்குக் கெட்டியாகும். நல்லெண்ணெய் உறையாது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் உறையாவிட்டாலும் கெட்டிப் பதம் என்பதால் திரியில் மெதுவாகத்தான் ஏறும். நல்லெண்ணெயில் கால் பங்கு கலந்தால் நின்று எரியும்.

திரி தடிமனாக இருந்தாலும், விளிம்புக்கு வெளியே அதிகம் நீட்டினாலும் புகையும். எண்ணெய் ஏறுவதைவிட எரிவது கூடிப்போனால் கரி பறக்கும். அரை சென்டிமீட்டர் வெளியே இருந்தால் போதும். திரி முழுவதையும் எண்ணெயில் நனைத்துப் பிழிந்துவிட்டு வையுங்கள், காய்ந்த நுனி பொசுங்கும். காருகுறிச்சிப் பக்கத்து மண் அகல் புதிதாக வாங்கியிருந்தால், ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஊற்றிய எண்ணெயில் பாதியை அகலே குடித்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓயாத ஆண்டில் தீப்பெட்டி நமுத்துப்போகும். அரிசி போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். இருட்டில் பத்துக் குச்சி கிழிக்கிற எரிச்சல் அன்றைய நாளுக்கே போதும்.

கொசுவத்தியை மூடிய அறையில் வைப்பது

பிசான நெற்பயிர் நிற்கிற காலம். வயலில் தண்ணீர் நிற்கும், கொசுவும் நிற்கும். அதற்காக அறையைச் சாத்திக்கொண்டு சுருளைக் கொளுத்தினால் ஒரு மணி நேரம் அந்தப் புகையைத்தான் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். கொசுவலைக்குள் உட்காருங்கள், விளக்கை வலைக்கு வெளியே, நாலடிக்குக் குறையாமல் வையுங்கள். போர்வையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு விளக்கருகே குனிவது நேரே தீ விபத்துக்கு வழி.

இருட்டில் படித்துறைக்குப் போவது

தாமிரபரணிக் கரையில் உட்கார ஆசை யாருக்கும் வரும். குறுக்குத்துறை படிகளில் விடியுமுன் மார்கழி ஆறு நம்மைச் சும்மா விடுமா? மலையில் பெய்யும் மழையும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்துவிடுகிற தண்ணீரும் இருட்டில் சொல்லிக்கொண்டு வராது. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்காது. மழை நின்று, அணை நிலவரம் தெரிந்து, கூட ஒரு ஆள் இருந்தால் மேல்படியில் உட்காரலாம். பாசி பிடித்த கீழ்ப்படிக்கு வெளிச்சம் வரும்வரை இறங்கக் கூடாது.

முதல் நாளே ஒன்றரை மணி நேரம்

ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டு மௌனமாக இருந்தார் என்பது மரபு. நீங்கள் நாற்பது நிமிடத்தில் தொடங்குங்கள்.

ஒலிபெருக்கியோடு சண்டை

வேண்டாம். கோயிலில் பாட்டு தொடங்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன் இருட்டுப் பகுதியை முடியுங்கள்.

கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு உட்காருவது

இருபதாவது நிமிடத்தில் எழுந்து போவீர்கள். பிறகு குடியுங்கள்.

வெறும் பாயில் உட்காருவது

பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் மெல்லிசு. சிமெண்டுத் தரையின் குளிர் நேரே இடுப்பில் ஏறும். அடியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள்.

மனச்சோர்வோடு தனியே இருட்டில் உட்காருவது

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துக்கத்திலோ நீண்ட சோர்விலோ இருக்கிறவர்களுக்குத் தனி இருட்டு சில நேரம் பழைய நினைப்புகளையே கிளறிவிடும். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்ததில் மனம் முன்னைவிடக் கனத்தால் நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு திண்ணையில், வீட்டார் நடமாடுகிற இடத்தில் உட்காருங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

முடிந்ததும் ஊதி அணைப்பது

ஊதினால் சூடான எண்ணெய் தெறிக்கும், அறை புகையும். ஒரு குச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்துங்கள். உடனே டியூப்லைட்டைப் போடாதீர்கள். ஜமுக்காளத்தை விலக்கினால் வெளியிலிருந்து வருகிற மங்கல் வெளிச்சமே பழகிய கண்ணுக்குப் போதும். கருகிய நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, அகலில் மிஞ்சிய எண்ணெயில் நாளைய திரியை இப்போதே ஊறப்போட்டு வையுங்கள்.