மாரடைப்புக்குப் பின் வீட்டில் நாம் விடும் பிழைகள்

மாரடைப்பு வந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரை இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் எப்படிப் பராமரிப்போம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை போடப்படும். தண்ணீர்ச் செம்பு முதல் வெற்றிலைத் தட்டம் வரை அவருடைய கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து சேரும். "நீங்கள் அசையாதேங்கோ" என்பது அந்த வீட்டின் சட்டமாகிவிடும். என் பெரியப்பாவுக்கும் அதையே செய்தோம். கண்டாவளைப் பக்கத்தில் வயல் செய்து வாழ்ந்த மனிதரை இரண்டு மாதம் கிணற்றடிக்குக்கூடப் போக விடாமல், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து முற்றத்திலேயே குளிக்க வார்த்தோம். மூன்றாம் மாதம் கிளினிக்குக்குப் புறப்பட்டவர், தலை சுற்றிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாரத்துக்குக் கீழே அவருடைய கெண்டைக்கால் சதை வற்றித் தோலாகத் தொங்கியதை அன்றுதான் கவனித்தேன். இருதயத்தின் நிலை முன்னையதைவிட மோசமாகவில்லை என்றும், அசையாமல் இருந்தே உடம்பு பலமிழந்துவிட்டது என்றும் வைத்தியர் விளக்கினார். அன்பினால் விட்ட பிழைதான். ஆனாலும் அதன் பலனை அனுபவித்தவர் அவர்.

இந்த நம்பிக்கை எங்கள் ஊரில் மட்டும் பிறந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேலைநாட்டு வைத்தியர்களே மாரடைப்பு நோயாளரை ஆறு வாரமளவில் கட்டிலில் கிடத்தி வைத்தார்கள். பாதிக்கப்பட்ட இருதயத் தசை தழும்பாகி உறுதிப்பட அவ்வளவு காலம் தேவை என்பதும், அதற்கு முன் அசைந்தால் ஆபத்து என்பதும் அவர்களுடைய அச்சம். 1952இல் அமெரிக்க வைத்தியர்களான சாமுவேல் லெவைனும் பேர்னாட் லவுனும் நோயாளரை விரைவிலேயே கட்டிலிலிருந்து இறக்கிக் கதிரையில் இருத்திச் சிகிச்சை அளித்து, அதனால் தீங்கு நேரவில்லை என்று எழுதினார்கள். நீண்ட படுக்கையால் கால் நாளங்களில் இரத்தம் உறைவதும், தசை கரைவதும், எழும்பும்போது இரத்த அழுத்தம் சரிவதும் இன்று ஐயமின்றித் தெரிந்த உண்மைகள். எனவேதான் சிக்கலில்லாத நோயாளரை ஓரிரு நாள்களிலேயே வைத்தியசாலை விடுதிக்குள் மெல்ல நடக்க வைக்கிறார்கள். அந்த நடை வீட்டுப் படலையோடு நின்றுவிடக்கூடாது என்பதற்காக ஏற்பட்டதே இருதயப் புனர்வாழ்வுத் திட்டம்.

2009இல் போர் முடிந்து முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டபின் வன்னியில் 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கு வேறொரு கனம் ஏறிவிட்டது. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இங்கே அதன் பொருள், இருதயம் பாதிக்கப்பட்ட ஒருவரைப் படிப்படியான உடற்பயிற்சி, ஒழுங்கான மருந்து, உணவு மாற்றம், புகையிலையை விடுதல், மனத்துக்குத் துணை ஆகியவற்றால் மீண்டும் தன் வேலைக்கும் தன் வாழ்க்கைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது என்பதே. பயிற்சி பெற்ற தசைகள் இரத்தத்திலிருந்து ஒட்சிசனைத் திறமாக எடுத்துக்கொள்வதால், அதே வேலைக்கு இருதயம் குறைவாகத் துடித்தாலே போதுமாகிறது. இரத்த அழுத்தமும் சீனியும் கட்டுப்படுகின்றன. இத்திட்டங்களில் சேர்ந்தவர்களிடையே இருதய நோயால் ஏற்படும் இறப்பும், மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதும் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்ட முடிவு.

"அதெல்லாம் கொழும்பிலிருப்பவர்களுக்கு" என்று ஒதுக்கிவிடுவது இரண்டாவது பிழை. சரியான வழிகாட்டலோடு வீட்டிலிருந்தபடியே செய்யும் பயிற்சியும், நிலையத்துக்குச் சென்று செய்யும் பயிற்சிக்கு ஏறத்தாழச் சமமான பலனைத் தருவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. முத்தையன்கட்டிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ வாரம் மூன்று நாள் பஸ் ஏற முடியாதவருக்கு இது பெரிய செய்தி. அடுத்த கிளினிக்கில் குளிசையை வாங்கிக்கொண்டு உடனே திரும்பாமல், "நான் எவ்வளவு நடக்கலாம், என்ன வேலை செய்யலாம், எப்போது வயலுக்குப் போகலாம்" என்று வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேளுங்கள். பெரியப்பாவுக்கு அன்று கிடைத்த பதில் எளிமையானது: காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு வாரம் சற்றுக் கூட்டி, அரை மணித்தியாலம் வரை. முதலில் படலை, பிறகு அயல்வீட்டு வேலி மூலை, அதன் பிறகு வைரவர் கோயில் என்று அவர் தூரத்தை அளந்துகொண்டார்.

கதிரையில் வைத்திருப்பதற்கு நேர்மாறான பிழையும் இங்கே உண்டு. காலபோகம் தொடங்கிவிட்டால், ஆறு கிழமை அசையாமல் இருந்தவர் திடீரென்று மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். ஐம்பது கிலோ உரப்பையைத் தூக்குவதும், நீர்ப்பம்பியின் கயிற்றை மூச்சை அடக்கி வெட்டி இழுப்பதும், கிணற்றில் வாளியை வேகமாக இழுப்பதும் இரத்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும் வேலைகள். பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தவருக்கு நெஞ்செலும்பு பொருந்தவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதுவரை பாரம் தூக்கவே கூடாது. நடை அளவோடு இருக்கிறதா என்பதை அறிய, நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். கதைக்க முடியவேண்டும், ஆனால் தேவாரம் பாடுமளவுக்கு மூச்சு இருந்தால் இன்னும் சற்று எட்டி நடக்கலாம். பிசோபுரோலோல், அற்றெனோலோல் போன்ற குளிசை எடுப்பவரின் நாடித்துடிப்பு வேகமாக ஏறாது என்பதால், நாடியை மட்டும் நம்புவதைவிட இந்த அளவுகோலே அவருக்குப் பொருந்தும். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வழமைக்கு மாறான இளைப்போ வந்தால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும்.

வெயில் தனியாகச் சொல்லவேண்டிய விடயம். பங்குனி, சித்திரை வெக்கையில், சிறுநீர் போக்கும் குளிசையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு நடந்தால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். குளக்கட்டும் ஊர் உள்வீதியும் ஏ9 வீதி ஓரத்தைவிடப் பாதுகாப்பானவை. யானை நடமாடும் ஊர்களில், நன்றாக விடிந்தபின் துணையோடு போவதே புத்தி.

மருந்தைப் பற்றிய பிழைகளே உயிரை நேரடியாகத் தொடுபவை. ஸ்ரென்ட் (இருதய நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளொபிடோகிரெலும் சேர்த்து, மாரடைப்புக்குப் பின் பெரும்பாலும் ஒரு வருடம் கொடுக்கப்படும். "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தினாலும், பல் பிடுங்குவதற்காகத் தானாக விட்டாலும், கிளினிக் நாள் தவறிக் குளிசை முடிந்துபோனாலும், ஸ்ரென்டுக்குள் இரத்தம் உறைந்து அடுத்த மாரடைப்பு வரலாம். பஸ் தவறினால் மறுநாளாவது கிளினிக் கொப்பியோடு போங்கள். குளிசை முடிந்துவிட்டது என்று சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. நாட்டு மருந்தை நம்புபவர்கள், அதை எடுப்பதாக வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னாலே பாதி ஆபத்து விலகிவிடும். முழங்கால் உளைவுக்கு மருந்துக்கடையில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விடவேண்டும்: அது இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, சிறுநீரக நோய் மலிந்த எங்கள் மாவட்டங்களில் இரட்டிப்புக் கேடு.

உணவில் பெரிய இரகசியம் இல்லை. ஒரு நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கருவாடும் மோர்மிளகாயும் ஒரு வேளையிலேயே தாண்டிவிடும். பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான்.

மனச்சோர்வைப் பலவீனமென்று ஒதுக்குவது எல்லாவற்றிலும் என்னை வருத்தும் பிழை. மாரடைப்புக்குப் பின் பலருக்கு மனச்சோர்வு வருகிறது. அது வந்தவர் மருந்தையும் நடையையும் கைவிடுவதால் மீட்சியும் பின்தங்குகிறது. எத்தனையோ இழப்புகளைச் சொல்லாமல் சுமந்த தலைமுறைக்கு இது இன்னும் பாரம். அவர் நித்திரையின்றிக் கிடந்தால், கதையைக் குறைத்தால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பெண்களுக்கு நேர்வது வேறு. கதிரை போட்டு இருத்த அவர்களுக்கு ஆளில்லை. தனியே குடும்பத்தைச் சுமக்கும் எத்தனையோ தாய்மார் வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாளே அடுப்படியில் நிற்கிறார்கள். "வீட்டு வேலையே பயிற்சிதானே" என்ற சமாதானத்தை ஏற்கவேண்டாம். புகைக்குள் குனிந்து நிமிர்ந்து களைப்பது, அளவாகக் கூட்டிச் செல்லும் நடைக்கு ஈடாகாது. முதல் வாரங்களில் தண்ணீர் அள்ளவும் விறகு கொத்தவும் ஒருவர் பொறுப்பெடுத்து, மாலையில் அந்தத் தாயை நடக்க அனுப்பவேண்டும்.

நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையைப் பெட்டகத்தில் பூட்டி வைப்பவர்களும், வெயில்படச் சட்டைப் பையில் கொண்டு திரிபவர்களும் உண்டு. அது வெளிச்சமும் வெக்கையும் படாமல், தந்த போத்தலிலேயே இருக்கவேண்டும். நெஞ்சு நோ வந்தால் இருந்துகொண்டு ஒன்றை நாக்குக்குக் கீழே வைக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டாலோ கூடினாலோ, மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஓடாமல் 1990 இலவச அம்புலன்சை அழைக்கவேண்டும். பெரியப்பாவின் போத்தல் சாமிப்படத் தட்டின் மூலையில், திறந்த திகதி எழுதிய கடதாசித் துண்டோடு இருக்கிறது. அது எங்கே என்று வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.