பின் டயர் பஞ்சர் தொல்லை தீர்ந்தது

என் ரோடு பைக்கில் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) பின் டயர்தான் அடிக்கடி பஞ்சர் ஆனது. உடல் எடையில் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. மிதிக்கும் விசையும் அதற்குத்தான். பந்தய வகை மெல்லிய டயரைக் கழற்றிவிட்டு, ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த 28 மி.மீ. டயர் போட்டேன். 25 மி.மீ. டயரை விட அகலம் என்பதால் ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்த்தேன். ஓரத்தில் எஃகுக் கம்பி வைத்த கம்பி விளிம்பு வகையையே வாங்கினேன். மடிக்கும் வகையை விடக் கொஞ்சம் கனம், ஆனால் விலை குறைவு. பயிற்சிக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. காற்றையும் முன்பைவிடச் சற்றுக் குறைத்தேன். பஞ்சர் அபூர்வமாகிவிட்டது. ரப்பர் கெட்டி என்பதால் ஈரச் சாலை வளைவில் மட்டும் நிதானம் தேவை, சரி, பரவாயில்லை. பின் டயர் தேய்ந்தால் முன் டயரைப் பின்னால் மாற்றி, புதியதை முன்னால் போடுகிறேன்.