மிஸ் ஆன டிரேடை எப்படி கணக்குல எடுக்கறது, அடுத்த டிரேடுல எவ்ளோ போடறது

2024 ஜூன் 1 சனிக்கிழமை சாயங்காலம் லோக்சபா எலெக்ஷன் எக்ஸிட் போல் வந்துச்சு, திங்கக்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல ஏறி 23,263-ல முடிஞ்சுது. என்னோட அல்கோ (ரூல்படி தானா வாங்கி விக்கற புரோகிராம்) வெள்ளிக்கிழமையே பை சிக்னல் குடுத்திருந்துச்சு, எலெக்ஷன் ரிசல்ட் நேரத்துல எதுக்கு வம்புன்னு நான்தான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். அன்னிக்கு பூரா வயிறு எரிஞ்சுது, மார்க்கெட் முடியற நேரத்துல விட்டத பிடிக்கணும்னு கையாலயே, எப்பவும் போடற ஒரு லாட்டுக்கு ரெண்டு லாட் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் (கொஞ்சம் பணம் மட்டும் கட்டி பின்தேதிக்கு விலை பேசற ஒப்பந்தம், லாட் லாட்டாதான் வாங்க முடியும்) வாங்கிட்டேன். மறுநாள் ஜூன் 4, நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884. ஸ்டாப்லாஸ் (இவ்ளோ விழுந்தா வித்துடுன்னு முன்னாடியே வெக்கற விலை) அடிச்சு வெளிய வந்தப்ப நாலு மாச லாபம் போயிருந்துச்சு.

மிஸ் ஆன சிக்னல் என் அக்கவுண்ட்லேருந்து ஒரு பைசா எடுக்கல, அந்த ஆத்திரத்துல போட்டதுதான் எடுத்துச்சு. அதுலேருந்து நான் பண்றத சொல்றேன்.

முதல்ல மிஸ் ஆன சிக்னலுக்குன்னு தனி ஷீட் போடுங்க. சிக்னல் வந்த நேரம், அப்ப நிஜமா கிடைச்சிருக்கக்கூடிய விலை (அன்னிக்கு லோ-வ எழுதாதீங்க, நினைச்ச விலைக்கும் கிடைக்கற விலைக்கும் வர்ற வித்தியாசம், அதான் ஸ்லிப்பேஜ், அதையும் சேத்து எழுதுங்க), ரூல்படி எங்க வெளிய வந்திருப்பீங்க, ஏன் மிஸ் ஆச்சு. நஷ்டத்துல முடிஞ்சிருக்க வேண்டியதையும் கட்டாயம் எழுதணும், ஏன்னா மனசு பெருசா ஓடுனத மட்டும்தான் ஞாபகம் வெச்சுக்கும், தப்பிச்சதையெல்லாம் மறந்துடும்.

காரணம்தான் இதுல முக்கியம். நெட் போச்சு, புரோக்கர் லாகின் டோக்கன் எக்ஸ்பயர் ஆச்சு, மார்ஜின் (புரோக்கர்ட்ட வெக்க வேண்டிய முன்பணம்) பத்தலன்னா அத சரி பண்ணிட்டு போயிட்டே இருங்க. பயந்து ஆஃப் பண்ணதுன்னா ஒரு முப்பது நாப்பது சேந்ததும் மொத்தமா கூட்டி பாருங்க, நீங்க தலையிட்டது காப்பாத்துச்சா கெடுத்துச்சான்னு அப்பதான் தெரியும்.

லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல வாங்காதேன்னு போடறது) ஃபில் ஆகாம, அதாவது நிறைவேறாம, மிஸ் ஆனத கொஞ்சம் நின்னு பாக்கணும். நீங்க 100-ல பை வெச்சிருக்கீங்க, விலை 100.20 வரைக்கும் வந்து அப்படியே மேல போயிடுது, நல்லா ஓடற டிரேட்ல பல இப்படித்தான் கைக்கு சிக்காம போகும், ஆனா விலை உங்கள தாண்டி கீழ விழறப்ப மட்டும் தவறாம ஃபில் ஆகும். லோ 100-ஐ தொட்டாலே வாங்கிட்டதா உங்க பேக்டெஸ்ட் (பழைய விலைய வெச்சு சிஸ்டத்த ஓட்டி பாக்கறது) எடுத்துக்குதுன்னா அந்த ரிசல்ட்ட நம்பாதீங்க, உங்க விலைக்கு கீழ டிரேட் ஆனா மட்டும் ஃபில்லுன்னு மாத்தி ஓட்டி பாருங்க.

அடுத்தது எவ்ளோ போடறது. பெல் லேப்ஸ்ல இருந்த ஜான் கெல்லி 1956-ல குடுத்த ஃபார்முலா ஒண்ணு இருக்கு: ஜெயிக்கற வாய்ப்புலேருந்து, தோக்கற வாய்ப்ப லாப-நஷ்ட விகிதத்தால வகுத்து கழிக்கணும். 45 சதவீதம் ஜெயிக்குது, ஜெயிச்சா 1.5 மடங்கு வருதுன்னா, 0.45-லேருந்து 0.55/1.5 கழிச்சா 8.3 சதவீதம், மொத்த பணத்துல அவ்ளோ ஒரு டிரேட்ல ரிஸ்க் எடுக்கலாம்னு அர்த்தம். பாக்க நல்லாதான் இருக்கும். ஆனா அந்த 45 எங்கேருந்து வந்துச்சு? நூறு டிரேட் பேக்டெஸ்ட்லேருந்துன்னா அதுல 5 சதவீதம் அங்க இங்க போறது சாதாரணம். நிஜ நம்பர் 42-ன்னா ஃபார்முலா சொல்றது வெறும் 3.3, 40-ன்னா சைபர், போடவே கூடாது. 42-ஆ இருக்கற சிஸ்டத்துல டிரேடுக்கு 8.3 சதவீதம் ரிஸ்க் எடுத்துக்கிட்டே இருந்தா, சிஸ்டம் நல்ல சிஸ்டமாவே இருந்தாலும் கால்குலேட்டர்ல போட்டு பாருங்க, போட்ட பணம் மெதுவா கரையும். அதனால கெல்லி சொல்றதுல கால் பங்குக்கு மேல நான் போறதில்ல, அதுவும் 1 சதவீதத்த தாண்டாது, 5 லட்சம்னா ஸ்டாப்லாஸ் அடிச்சா டிரேடுக்கு போறது 5,000 ரூபா. முந்தின சிக்னல் மிஸ் ஆனாலும் அந்த 5,000 மாறக்கூடாது, சைஸ கோடே கணக்கு போடட்டும், கையால மாத்தற வழியே வெக்காதீங்க.

ஓவர்நைட் வெச்சா கேப்ல (மறுநாள் விலை தாவி திறக்கறப்ப) ஸ்டாப்லாஸ் சொன்ன விலைல அடிக்காதுங்கறதயும் சேத்துக்கங்க, எலெக்ஷன் ரிசல்ட், பட்ஜெட் மாதிரி நாளுக்கு முந்தின நாள் நான் பாதி சைஸ்தான். அப்படி பாத்தா ஒரு லாட்டுக்கே ரிஸ்க் 5,000-ஐ தாண்டுதுன்னா ஃபியூச்சர்ஸ விட்டுட்டு அதே சிக்னல நிஃப்டி இடிஎஃப்ல (நிஃப்டிய பின்தொடர்ற ஃபண்ட், ஷேர் மாதிரி வாங்கலாம்) ஓட்டுங்க, அங்க ஒரு யூனிட் கூட வாங்கலாம்.