தையல்சிட்டின் கூட்டைக் கண்டுபிடிப்பதும் காப்பதும்

கத்தரிக்கோலோடு செடியருகே போகுமுன் ஐந்து நிமிடம் காது கொடுங்கள். 'ட்சீப் ட்சீப் ட்சீப்' என்று ஒரே சீராக, அந்த உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரல் கேட்டால் பக்கத்தில் தையல்சிட்டு இருக்கிறது. எடை 10 கிராமைத் தாண்டாது. நெற்றியும் உச்சியும் செம்பழுப்பு, முதுகு இலைப்பச்சை, வயிறு வெளுப்பு, வால் எப்போதும் விறைத்தபடி மேலே. கத்தும்போது கழுத்தோரம் கறுப்புத் திட்டு தெரியும்.

இந்தியாவில் இது மார்ச் முதல் டிசம்பர் வரை, இலையோரங்களைத் தைத்து அதற்குள் கூடு கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிகுதி. தொங்கும் அகன்ற இலைகளைத்தான் தேட வேண்டும். பெரும்பாலும் இடுப்புயரத்துக்குள் இருக்கும். மேலே பார்த்துத் தேடுபவர்கள் கோட்டைவிடுவது இதனால்தான். புழு சுருட்டிய இலையும் தொலைவிலிருந்து இதே போலத்தான் தெரியும். வேறுபாடு ஓரத்தில் இருக்கிறது. பறவை அலகால் துளையிட்டு, நார், பஞ்சு, சிலந்தி நூல் இவற்றை இழுத்துவிடும். மறுபக்கத்தில் நுனி பிரிந்து பொதுக்கென்று நிற்கும். அதுதான் பிடிமானம், முடிச்சு கிடையாது. துளை மிகச் சிறியது என்பதால் இலை கருகாமல் பச்சையாகவே இருக்கும். ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

சாம்பல் கதிர்க்குருவியும் இலை தைக்கும். அதற்குத் தலை சாம்பல். முட்டை செங்கல் நிறத்தில் பளபளக்கும். தையல்சிட்டின் முட்டைகள் வெளிர் நிறத்தில் செம்புள்ளியோடு, பொதுவாக மூன்று அல்லது நான்கு. இதைப் பார்க்க இலையை விரிக்க வேண்டாம், தையல் பிரிந்துவிடும்.

அடைகாக்க ஏறத்தாழ 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 14 நாள். ஒரு மாதம் அந்தச் செடியைக் கவாத்து செய்யாமல், மருந்தடிக்காமல் விட்டால் போதும். பூச்சிதான் குஞ்சுகளின் உணவு. தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். குழாயைப் பீய்ச்சினால் நனைந்த பஞ்சின் பாரத்தில் இலை கிழியும். ஆனால் செடியை வாடவிடவும் கூடாது, இலை பழுத்து உதிர்ந்தால் கூடும் போகும்.

நின்று பார்ப்பதென்றால் ஐந்தாறு மீட்டர் தள்ளி. தாய் இரையோடு வந்து உள்ளே போகாமல் கத்தினால் இன்னும் பின்வாங்குங்கள். அடிக்கடி ஒரே இடத்தில் நிற்பது காகம், செம்போத்து, பூனைக்கு வழிகாட்டுவதாகும். குஞ்சுக்கு இறகு முளைத்த பிறகு நெருங்கவே கூடாது. மிரண்டு, பறக்கத் தெரியுமுன்பே குதித்துவிடும்.

காற்றில் காம்பு முறிந்தால் இலையை அதே உயரத்தில், அதே கிளையோடு மென்மையான நூலால் தளர்வாகக் கட்டுங்கள். வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் எடுத்து உள்ளே வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. குட்டை வாலோடு தத்தித் தாவும் குஞ்சையோ தொடவே வேண்டாம். அது விழுந்ததல்ல, கிளம்பியது.