ரோட்ஸ் என்கிற மின்பியானோ மேல் இன்னொரு கீபோர்டு வைக்கிறீர்களா?

பழைய ரோட்ஸ் மார்க் 1-இன் மூடி வளைவானது. மேலே ஆர்கன் வைத்தால், வாசிக்கிற அதிர்விலேயே மெல்ல நழுவும். அதற்குத் தனி ஸ்டாண்டுதான், யோசிக்கவே வேண்டாம். 1979-இல் வந்த மார்க் 2-க்குத் தட்டை மூடி, ரப்பர் விரிப்புப் போட்டு வைக்கலாம். வூர்லிட்சர் 200ஏ என்கிற இன்னொரு மின்பியானோவின் பிளாஸ்டிக் மூடிமேல் எதையும் ஏற்றாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது இரைச்சலில். ரோட்ஸுக்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு காந்தப் பிக்கப் (அதிர்வை மின் சைகையாக மாற்றும் சுருள்) உண்டு. மேல் கீபோர்டின் டிரான்ஸ்பார்மர் அதற்கு நேர் மேலே வந்துவிட்டால் 'ம்ம்ம்' என்று உறுமத் தொடங்கும். பட்டை போட்டு இறுக்குவதற்கு முன், ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டிவைத்து, மேல் கீபோர்டை ஒரு சாண் இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். உறுமல் அடங்குகிற இடத்தில், கறுப்பு மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்த கச்சேரியில் தேட வேண்டியதில்லை.