கண்காட்சி மேசையில் அசாயே போர்: 24 வாரத்தில் ஒரு மினியேச்சர் போர் விளையாட்டைத் தயார் செய்வது எப்படி?

லண்டன் எக்ஸெல் அரங்கில் சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் கழகம் நடத்தும் 'சல்யூட்' போன்ற மினியேச்சர் போர் விளையாட்டுக் கண்காட்சிகளில் (வண்ணம் பூசிய சிறு வீரர் உருவங்களை மேசையில் நகர்த்திப் பழைய போர்களை ஆடும் விளையாட்டு இது) இரண்டு வகை மேசைகள் இருக்கும். ஒன்று பார்வைக்கு மட்டும். மற்றது, வருகிறவர் யாராக இருந்தாலும் நின்று பகடையை உருட்டி ஆடிவிட்டுப் போகலாம். புதிய கழகங்களுக்கு இரண்டாவது வகையைத்தான் சொல்வோம். அழகில் கொஞ்சம் குறைந்தாலும், ஆடிய மனிதர் அந்தப் போரை மறக்கமாட்டார்.

முதல்முறை மேசை போடும் கழகங்கள் ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பச் செய்கின்றன. உருவங்களை வாங்கி, மாதக்கணக்கில் வண்ணம் பூசி, கடைசி வாரத்தில்தான் விளையாட்டை ஆடிப் பார்க்கிறார்கள். அப்போதுதான் மேசை போதவில்லை, ஆட்டம் மூன்று மணி நேரம் இழுக்கிறது என்று தெரியவரும். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் காகிதம், கடைசியில்தான் தூரிகை.

எடுத்துக்காட்டாக 1803 செப்டம்பர் 23 அன்று நடந்த அசாயே போரை எடுத்துக்கொள்வோம். இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில், கைத்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகளுக்கு இடையே பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் படை சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் மராட்டியப் படையோடு மோதியது. வெல்லெஸ்லியின் வரிசையில் ஸ்காட்லாந்துப் படைகள் இரண்டுதான். மற்ற காலாட்படை முழுக்க மதராஸ் ராணுவத்தின் சிப்பாய்கள். இன்றைய இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் நிற்கும் யானை, இந்தப் போரின் நினைவாக வந்த 'அசாயே யானை'தான்.

படி 1: போரை மேசை அளவுக்கு வெட்டுங்கள் (1 முதல் 4-ஆம் வாரம்)

இலக்கு இதுதான்: 6 அடிக்கு 4 அடி மேசை, 4 ஆட்டக்காரர்கள், 6 சுற்று, 45 நிமிடம். சுற்றுக்கு ஏழரை நிமிடம் வருகிறது. இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஏழரை நிமிடத்தோடு உரசிப் பாருங்கள்.

வெல்லெஸ்லி ஆற்றைக் கடந்தது, மராட்டியர் பக்கத்துக் காலாட்படையை நடத்திய போல்மான் தன் பட்டாலியன்களைக் கிழக்கு நோக்கித் திருப்பி நிறுத்தியது, இரண்டையும் மேசையில் ஆடவேண்டாம். ஆசை வரும், ஆனால் அதற்கே அரை மணி நேரம் போய்விடும். இரண்டு வரிசைகளும் எதிரெதிரே நிற்கும் நொடியில் தொடங்குங்கள்.

அளவுகோல் கணக்கு: ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் ஏறக்குறைய ஒரு மைல் அகலம். அதை 6 அடியில் அடக்கினால் 1 மி.மீ. என்பது சுமார் 0.9 மீட்டர். 500 பேர் இரண்டு வரிசையாக நின்றால் முகப்பு 140 மீட்டர் அளவுக்கு வரும், அதாவது மேசையில் 160 மி.மீ. 28 மி.மீ. உருவங்களை 40×40 மி.மீ. அடித்தட்டில் நாலு நாலாக ஒட்டி, நான்கு தட்டுகளை அருகருகே வைத்தால் அதே 160 மி.மீ. ஆக ஒரு பட்டாலியனுக்கு 16 உருவம்.

வெல்லெஸ்லியின் வரிசை இடமிருந்து வலமாக: 78-ஆவது ஹைலேண்டர்கள், மதராஸ் சிப்பாய் பட்டாலியன்கள் நான்கு (1/10, 1/8, 1/4, 2/12; 1/10 என்றால் 10-ஆவது ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன்), 74-ஆவது ஹைலேண்டர்கள், வலக்கோடியில் முன்காவல் படை. முன்காவலுக்கு எட்டு உருவம் போதும். பின்னால் 19-ஆவது லைட் டிராகூன்ஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை, மதராஸ் குதிரைப்படை 4, 5, 7.

மராட்டியர் பக்கம் நூற்றுக்கு மேல் பீரங்கிகள் இருந்தன. மேசையில் 10 வையுங்கள். பயிற்சி பெற்ற காலாட்படை பத்தாயிரத்துக்கு மேல். வரிசையில் 7 பட்டாலியன், அசாயே கிராமத்தை ஒட்டி 2 என்று ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும் குதிரைக்கூட்டம் போரில் அதிகம் பங்கெடுக்கவில்லை என்பதால் மேற்கு ஓரத்தில் 16 குதிரைவீரர் நின்றால் போதும்.

இப்போது பழைய அட்டைப்பெட்டியை 160×40 மி.மீ. துண்டுகளாக வெட்டி, மேலே பட்டாலியன் பெயரை எழுதி, இந்தப் போரைக் குறைந்தது நான்கு முறை ஆடுங்கள். அதில் இரண்டு முறையாவது, இந்த விளையாட்டே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். அவர் "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்கும் ஒவ்வொரு இடமும் உங்கள் விதித்தாளில் உள்ள ஓட்டை. குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரே பக்க விதித்தாள்

காலாட்படை 6 அங்குலம் நகரும், குதிரைப்படை 12. மஸ்கட் 4 அங்குலம் எட்டும். பீரங்கி மேசை முழுவதும் எட்டும், 12 அங்குலத்துக்குள் வந்தால் கொத்துக்குண்டு (சிறு குண்டுகள் கொத்தாகச் சிதறும்). பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் சுடப்பட்ட பட்டாலியனுக்கு ஒரு அடி, அதாவது ஒரு சேதம். மூன்று அடி வாங்கிய பட்டாலியன் முன்னேறும் முன் ஒரு பகடை உருட்டவேண்டும், 1 அல்லது 2 விழுந்தால் அந்தச் சுற்று நின்ற இடத்திலேயே நிற்கும். ஆறு அடியில் கலைந்து ஓடும். அவ்வளவுதான். அடி பட்டதா, தப்பியதா, மனவுறுதி நிலைக்கிறதா என்று மூன்று தடவை உருட்டும் விதிகள் கழக அறையில் சுவையாக இருக்கும். கண்காட்சியில் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் விழுங்கிவிடும்.

பீரங்கிக்கு எத்தனை பகடை என்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. வரிசைகள் 24 அங்குல இடைவெளியில் தொடங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மராட்டியப் பீரங்கி முதலில் சுடும், பிறகு எதிர்வரிசை நகரும். ஆக 24, 18, 12, 6 அங்குலத்தில் நான்கு தடவை சுடலாம். உருண்டைக் குண்டுக்கு ஒரு பகடை, கொத்துக்குண்டுக்கு இரண்டு என்று வைத்தால், 10 பீரங்கியும் சேர்ந்து சராசரியாக 20 அடி கொடுக்கும். ஆறரைப் பட்டாலியனில் (முன்காவல் அரை) பிரித்தால் தலைக்கு மூன்று. அதாவது வரிசை பாதி நொறுங்கிய நிலையில் பீரங்கி வாயை வந்தடையும். இங்கேதான் ஆட்டம் நெஞ்சு படபடக்க வைக்கும். கொத்துக்குண்டுக்கு மூன்று பகடை கொடுத்துப் பாருங்கள், 27 அடிக்குப் போய்விடும், பாதி வரிசை வந்து சேராது. ஒரே ஒரு பகடை வித்தியாசம்தான். காகிதத்தில் ஆடாமல் இது பிடிபடாது.

வரலாற்றில் இருந்து இரண்டு விதிகளை மட்டும் சேருங்கள். முதலாவது, முன்காவல் படையை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஆரக் வலப்பக்கமாக அளவுக்கு மீறி விலகி அசாயே கிராமத்துப் பீரங்கிகளின் முன் போய்ச் சிக்கினார், பின்தொடர்ந்த 74-ஆவது படை சின்னாபின்னமானது. ஆகவே முதல் இரண்டு சுற்றிலும் முன்காவலை நடத்தும் ஆட்டக்காரர் ஒரு பகடை உருட்டட்டும், 1 முதல் 3 வரை விழுந்தால் முன்காவலும் 74-ஆவதும் கிராமத்தை நோக்கித்தான் நகரவேண்டும். இரண்டாவது, வரிசை தாண்டிப்போன பிறகு, செத்ததுபோல் கிடந்த மராட்டியப் பீரங்கிக்காரர்கள் எழுந்து பின்னாலிருந்து சுட்டார்கள். பிடித்த பீரங்கியின் அருகே ஒரு அடித்தட்டையாவது காவலுக்கு விடாமல் போனால், 5 அல்லது 6 விழும்போது அது முதுகில் சுடும். இந்த விதி வேலை செய்யும் நொடியில் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் மேசைப்பக்கம் குனிவார்கள்.

படி 3: உருவங்கள் (5 முதல் 20-ஆம் வாரம்)

கணக்கு: வெல்லெஸ்லி பக்கம் காலாட்படை 104, குதிரைப்படை 24, இரண்டு பீரங்கிக்கு 8 பேர். மராட்டியர் பக்கம் காலாட்படை 144, பீரங்கிக்காரர் 40, குதிரைவீரர் 16. வெல்லெஸ்லி, அவருடைய குதிரைப்படைத் தலைவர் மேக்ஸ்வெல், போல்மான் என்று தலைவர்கள் மூவர். மொத்தம் 339. மேசைத் தரத்துக்கு உருவத்துக்கு 45 நிமிடம் என்றால் சுமார் 254 மணி நேரம். ஆறு பேர், வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் 14 வாரம். குதிரைகளுக்குக் கூடுதலாக 2 வாரம் ஒதுக்குங்கள்.

செய்முறை:

1. அச்சுக் கோட்டை நுண்ணரத்தால் தேய்த்துவிட்டு, சோப்பு நீரில் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள். உலோக உருவத்தில் அச்சுப்பொடி மிச்சமிருந்தால் பிரைமர் (வண்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) செதில் செதிலாக உரியும்.

2. ஐஸ் குச்சியில் நான்கு நான்காக ஒட்டி, கறுப்பு அல்லது அடர்பழுப்பு பிரைமர் தெளியுங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். தள்ளி நின்று அடித்தால் வண்ணம் காற்றிலேயே காய்ந்து மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாகும்.

3. உள்ளிருந்து வெளியே வாருங்கள்: முதலில் தோல், பிறகு துணி, பிறகு தோல்வார்கள், கடைசியில் துப்பாக்கி. மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்பு மேலங்கி, வெள்ளைக் குட்டைக் கால்சட்டை, வெறுங்கால், நீலத் தலைப்பாகை. கறுப்பு மேல் சிவப்பு ஒரே பூச்சில் ஏறாது. முதலில் செம்பழுப்பு, மேலே சிவப்பு இரண்டு பூச்சு.

4. தோலுக்கு ஒரே பழுப்பை எல்லாருக்கும் அடித்துவிடாதீர்கள். மூன்று கலவை தயார்செய்து, 16 பேரில் மாற்றி மாற்றிப் பூசுங்கள். மூன்றடி தூரத்தில் இருந்து பார்த்தாலும் அது பொம்மை வரிசையாகத் தெரியாது, ஆட்களாகத் தெரியும். மேசையில் அதிகம் இருப்பது சிப்பாய்கள்தான், சிரத்தையையும் அவர்களுக்கே அதிகம் கொடுங்கள்.

5. பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, முழுக்கக் காய்ந்ததும் மேலே மங்கல் வார்னிஷ். ஒரே நாளில் நூறு விரல்கள் தொடப்போகின்றன. மங்கல் வார்னிஷை ஈரக்காற்றில், குறிப்பாகக் குளிர்காலத்துக் கார் கொட்டகையில், தெளித்தால் ஈரம் உள்ளே சிக்கி வெள்ளைப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். பதற வேண்டாம். மேலே பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு வீட்டுக்குள் தூரிகையாலேயே மங்கல் பூசுங்கள்.

அடித்தட்டு 3 மி.மீ. கனத்தில் இருக்கட்டும். மெல்லியதாக இருந்தால் ஆட்டக்காரர் விரல் தட்டைப் பிடிக்காது, நேராக பயனெட்டைப் பிடிக்கும். மதியத்துக்குள் முன்வரிசைத் துப்பாக்கிகள் எல்லாம் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும்.

படி 4: நிலம் (8 முதல் 18-ஆம் வாரம்)

2 அடிக்கு 2 அடி பலகை ஆறு. கீழே 6 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை), மேலே 25 மி.மீ. கெட்டி பாலிஸ்டைரீன் அட்டை. தெற்குப் பக்கக் குட்டை ஓரத்தில் கைத்னா, வடக்கு ஓரத்தில் ஜுவாவும் அசாயே கிராமமும். ஆகவே ஆற்றுப் பள்ளம் வெட்டவேண்டிய பலகைகள் நான்குதான்.

ஆற்றை 120 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்தில் குடையுங்கள். பலகைகள் சேரும் இடத்தில் கரை பிசகாமல் இருக்க, அட்டையில் ஒரு வார்ப்பு வெட்டி இரண்டு பலகைக்கும் அதையே வைத்துக் கோடு போடுங்கள். ரெசின் ஊற்றுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மழைக்காலம் முடியும் நேரத்து ஆறு கலங்கித்தான் ஓடும், அடிமட்டம் தெரியாது. சேற்றுப் பழுப்பை நடுவில் அடர்த்தியாகவும் கரையில் வெளிறியும் பூசி, பளபளப்பு வார்னிஷ் நான்கு பூச்சு கொடுத்தால் போதும்.

தரைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைச் சமபங்கு தண்ணீரில் கரைத்துப் பூசி, சலித்த மணலைத் தூவுங்கள். பசை காயும்போது சுருங்கிப் பலகையை வளைத்து இழுக்கும். அடிப்பக்கமும் அதே பசையை ஒரு பூச்சு பூசி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். ஸ்ப்ரே பெயிண்ட் நேராகப் பாலிஸ்டைரீனில் பட்டால் கரைத்துக் குழியாக்கிவிடும், வெட்டு விளிம்பையும் விடாமல் பசையால் மூடியபிறகே தெளிக்கவேண்டும்.

நிறத்தைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் பச்சைப் புல்விரிப்பு இங்கிலாந்து மேய்ச்சல் நிலத்துக்குப் பொருந்தும். இது தக்காணத்துக் கரிசல் மண். கறுப்புக்கு நெருங்கிய பழுப்பில் தொடங்கி, உலர்தூரிகையால் சாம்பல் பழுப்பை இழுத்து, புல்லைத் திட்டுத் திட்டாக மட்டும் ஒட்டுங்கள்.

கிராமம் 300×300 மி.மீ., மண்சுவர் சூழ்ந்தது. 5 மி.மீ. ஃபோம்போர்டில் 50 மி.மீ. உயரச் சுவர்கள். சுவர்ப்பூச்சுக்கு ஃபில்லர் (சுவர் விரிசலை அடைக்கும் பூச்சுக்கலவை) மூன்று பங்கு, பசை ஒரு பங்கு, மெல்லிய மணல் ஒரு பங்கு. விரலால் பூசுங்கள், கரண்டியால் அல்ல. மண்சுவரில் கை தடவிய அலை இருக்கவேண்டும், மூலைகள் மழுங்கியிருக்கவேண்டும். பாதி காய்ந்ததும் ஈர விரலால் அடிச்சுவரை ஒருமுறை உள்வாங்கித் தேயுங்கள், மழைத்தண்ணீர் அரித்த தடம் அப்படியே வரும்.

படி 5: ஒத்திகையும் பயணமும் (21 முதல் 24-ஆம் வாரம்)

முழு மேசையையும் இரண்டு முறை போட்டு ஆடுங்கள், கடிகாரத்தோடு. பிறகு காரில் ஏற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டு, காலை ஐந்து மணிக்குப் பலகை பின்கதவில் நுழையாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

அடித்தட்டுக்குக் கீழே காந்தத் தாள் ஒட்டி, பெட்டியின் அடியில் இரும்புத் தகடு பதியுங்கள். திடீர் பிரேக்கிலும் ஒரு வீரர் நகரமாட்டார்.

எடுத்துப்போக வேண்டியவை: தரைவரை தொங்கும் கறுப்புத் துணி (பெட்டிகள் அதன் அடியில் மறையும்), அரங்கத்து மேசைகள் ஏற்றத்தாழ்வாக இருக்கும் என்பதால் மர ஆப்புகள், பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கவ்விகள், அளவுநாடா நான்கு, பளிச்சென்ற நிறத்தில் பகடை நாற்பது, விதித்தாள் பத்துப் பிரதி, சூப்பர் க்ளூ, சிறு இடுக்கி, மாற்றுப் பீரங்கிச் சக்கரம், ஒரு குவளை மணல்.

ஆறு பேரில் மூவர் மேசையில், மூவர் வெளியே, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுங்கள். மேசையில் இருக்கும் மூவரில் ஒருவர் எப்போதும் நடைபாதையைப் பார்த்தே நிற்கவேண்டும். மூவரும் குனிந்து ஆட்டத்தில் மூழ்கினால் வருபவர் கடந்து போய்விடுவார். "மதராஸ் சிப்பாய்களோடு பீரங்கி வரிசையை நோக்கி நடக்கிறீர்களா, அல்லது பீரங்கிப் பக்கம் நிற்கிறீர்களா?" என்று கேட்டு, பகடையைக் கையில் கொடுத்துவிடுங்கள். விளக்கம் பிறகு.

முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஒட்டிய பட்டியலைப் பார்த்து எண்ணி அடுக்குங்கள்: 339. ஒன்று குறைந்தால் முதலில் கைத்னா கரையோரம் தேடுங்கள். தெற்கு ஓரத்தில் நகர்த்தும்போது சட்டைக்கையில் மாட்டி 78-ஆவது படையினர்தான் அதிகம் கீழே விழுவார்கள்.