லாரி டயர் சீக்கிரம் தேய்கிறதா? கம்பெனியைத் திட்டும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நாலு லாரி ஓனர்கள் சேர்ந்தால் டயர் பேச்சு வராமல் போகாது. ஒருவர் எம்.ஆர்.எஃப் தவிர வேறு தொடமாட்டேன் என்பார். இன்னொருவருக்கு அப்பல்லோ. ஜே.கே., சியட் வாங்கினால் கையில் காசு மிஞ்சும் என்பார் ஒருவர். மிஷ்லினுக்கு விலை அதிகம் கொடுத்தாலும் ரீட்ரேடிங்குக்கு (தேய்ந்த டயரில் புது ரப்பர் பட்டை ஒட்டுவது) கேசிங் (பட்டை போக மீதி டயர் உடல்) நிற்கும் என்பார் மற்றவர். அவரவர் வண்டியைப் பொறுத்தவரை நாலு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். சிக்கலே அதில்தான். அரியலூர் சிமெண்ட் ஏற்றும் வண்டியும், கேஸ் டேங்கரும், குவாரிக்குள் இறங்கும் டிப்பரும் டயரை ஒரே மாதிரி தேய்ப்பதில்லை.

அதனால், "அந்த டயர் எத்தனை ஆயிரம் ஓடுச்சு?" என்று பக்கத்து வண்டிக்காரரைக் கேட்டு வாங்குவது முதல் தவறு. ஒரு மில்லிமீட்டர் ரப்பர் எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்பதுதான் கணக்கு. டயர் மாட்டிய அன்றே பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டை) ஆழத்தை மூன்று இடங்களில் அளந்து, மீட்டர் கிலோமீட்டரோடு நோட்டில் எழுதுங்கள். 16 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய டயர் 20,000 கி.மீ. ஓடி 12 மி.மீ. காட்டினால், மில்லிமீட்டருக்கு 5,000 கி.மீ. 3 மி.மீ.யில் கழற்றுவதாக வைத்தால் மொத்தம் 65,000 வரும். டயர் விலையை இதால் வகுத்துப் பார்த்தால், பில்லில் 2,000 ரூபாய் குறைவாக இருந்த டயர் உண்மையில் குறைந்த விலையா என்று தெரிந்துவிடும். புது டயரில் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சற்று வேகமாகவே போகும். ஆழமான பட்டன் ஓட்டத்தில் நெளிவதுதான் காரணம். அதைப் பார்த்துக் கம்பெனி மேல் பாய வேண்டாம். இரண்டு கம்பெனி டயரை ஒப்பிடுவதாக இருந்தால், ஒரே ரூட்டில் ஓடும் இரண்டு வண்டிகளில் ஒரே இடத்தில் மாட்டி ஒப்பிடுங்கள். ஹவுசிங்கில் (எஞ்சின் சுழற்றும் பின் ஆக்சில்) ஓடியதையும் டம்மியில் (எஞ்சின் சுழற்றாமல் தானாக உருளும் ஆக்சில்) ஓடியதையும் சேர்த்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது, டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிக்காமல் வாங்குவது. 16 பிளையா, 18 பிளையா (டயரின் வலுவைச் சொல்லும் அடுக்கு எண்) என்று கேட்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். 146/143 என்று சுமை எண் போட்டிருந்தால், ஒற்றையாக மாட்டும்போது 3,000 கிலோ, இரட்டையாக மாட்டும்போது டயருக்கு 2,725 கிலோ தாங்கும் என்று பொருள். 2018-ல் மத்திய அரசு நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. 11.5 டன்னை நாலால் வகுத்தால் டயருக்கு 2,875 கிலோ. அதாவது ஆறு சக்கர வண்டியில் 146/143 டயரைப் போட்டு, சட்டம் அனுமதிக்கும் முழு லோடு ஏற்றினாலே டயருக்கு 150 கிலோ கூடுதல். அங்கே 149/146 தேவை. அது இரட்டையில் 3,000 கிலோ தாங்கும். எட்டு டயர் உள்ள இரட்டை ஆக்சிலுக்கு வரம்பு 21 டன் என்பதால் டயருக்கு 2,625 கிலோதான் வருகிறது; அதற்கு 146/143 போதும். பத்து சக்கர வண்டியில் நன்றாக ஓடிய டயர் ஆறு சக்கர வண்டியில் தோள் (பட்டன் முடியும் ஓரம்) வெடித்துப் போனால், கம்பெனியைக் குறை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

முன்னால் ரிப் (நீள வரி பட்டன்), ஹவுசிங்கில் லக் (குறுக்குக் கட்டை பட்டன்) என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நெடுஞ்சாலைக்கான டயரைக் குவாரி வண்டியில் போட்டால் கல் வெட்டிப் பட்டன் துண்டு துண்டாகப் பிய்யும். குவாரிக்கான தடித்த லக்கை வேகமாக ஓடும் வண்டியில் போட்டால் சூடேறும்.

இனி காற்று. டயரைக் கொல்வதில் இதற்கு ஈடு வேறில்லை. ராடால் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. தட்டினால் முழுக்க இறங்கிய டயர் தெரியும். 115 இருக்க வேண்டிய இடத்தில் 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருப்பது தெரியாது. கண்ணை நம்பவும் முடியாது. நல்ல காற்று இருந்தாலும் ரேடியல் டயரின் (உள்ளே இரும்புக் கம்பி உள்ள வகை) பக்கவாட்டு லேசாகப் பிதுங்கித்தான் நிற்கும். கேஜ் வைத்து, வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எத்தனை பி.எஸ்.ஐ. என்பதைக் கம்பெனியின் லோடு அட்டவணையில் உங்கள் ஆக்சில் எடைக்கு நேரே பார்த்து வையுங்கள்.

மதிய வெயிலில் ஓடி வந்த டயரில் 10, 15 பி.எஸ்.ஐ. கூடியிருப்பது இயல்பு. "காத்து ஏறிடுச்சு" என்று அதை இறக்கிவிடுவது பெரிய தவறு. இரவில் டயர் குளிர்ந்ததும் அளவு குறைந்து, மறுநாள் பக்கவாட்டு கூடுதலாக மடங்கி, முந்தைய நாளை விட அதிகமாகச் சூடாகும்.

இரட்டை டயரில் உள் டயர்தான் பாவப்பட்டது. அதன் வால்வு கைக்கு எட்டாததால் கிளீனர் வெளி டயரை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடுவார். நீட்டிப்புக் குழாய் போட்டுவிட்டால் இந்தச் சாக்கு இல்லை. உள்ளே காற்று குறைந்தால் எடை முழுதும் வெளி டயருக்குப் போகும்; வெடிப்பது வெளி டயராக இருக்கும், காரணம் உள்ளே இருக்கும். சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்று குறைந்து ஓடிய ரேடியல் டயரை அப்படியே காற்றடித்து ஓட்டாதீர்கள். உள்ளே பக்கவாட்டுக் கம்பி நைந்திருந்தால், காற்று நிரப்பும்போதே ஜிப் திறந்த மாதிரி கிழிந்து வெடிக்கும். ஆள் சாகும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. கழற்றி உள்புறம் சோதித்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

ஜோடி சேர்ப்பதிலும் கவனம் போதாது. புது டயரோடு பாதி தேய்ந்ததைச் சேர்த்தால் பெரியது எடை சுமக்கும், சின்னது ரோட்டில் இழுபட்டுத் தேயும். விட்டத்தில் 12 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. சிறிய வித்தியாசம் தவிர்க்க முடியாவிட்டால் பெரியதை வெளியே போடுங்கள். நைலான் டயரையும் (உள்ளே நைலான் நூல் உள்ள பழைய வகை) ரேடியலையும் ஒரே ஆக்சிலில் கலப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. இரண்டு தோளும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்காகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்ப வரும்போது ரம்பம் போலவும் உறுத்தினால் டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) சரியில்லை. ஒரு தோள் மட்டும் போயிருந்தால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் முளை) புஷ், ஹப் பேரிங்கைப் பாருங்கள். அங்கங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையும் பேரிங் ஆட்டத்தையும் பாருங்கள். கிங் பின் ஆட்டத்தை விட்டுவிட்டு அலைன்மென்ட் மட்டும் செய்வது காசைத் தண்ணீரில் போடுவது. அடுத்த நடையிலேயே பழையபடி ஆகிவிடும். முன்னால் இரண்டு ஸ்டியரிங் ஆக்சில் உள்ள வண்டியில் இரண்டையும் சேர்த்தே அலைன்மென்ட் செய்ய வேண்டும். பின்னால் ஆக்சிலை ஸ்பிரிங் கட்டோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்தோ சென்டர் போல்ட் அறுந்தோ ஆக்சில் நகர்ந்திருந்தால், வண்டி கோணலாக ஓடி எல்லா டயரையும் தின்னும்.

புது டயருக்குள் பழைய டியூபையும் ஃப்ளாப்பையும் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வரும் ரப்பர் பட்டை) போடுவது இன்னொன்று. இழுபட்டுப் பெரிதான டியூப் உள்ளே மடிந்து, மடிப்பில் அறுந்துபோகும். ரேடியலுக்கு ரேடியல் டியூபே வேண்டும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் சூடு சக்கர டிஸ்க் வழியாகப் பீடுக்கு (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) ஏறும்; பீடு கருகிய டயர் ரீட்ரேடிங்குக்கு ஆகாது. டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இந்தக் கேசிங் விலையையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ரீட்ரேடிங்கில் நடக்கும் தவறு பெரும்பாலும் தாமதம்தான். 1.6 மி.மீ. தேய்மான அடையாளம் வரை, சிலர் கம்பி தெரியும் வரை கூட ஓட்டுகிறார்கள். 3, 4 மி.மீ. இருக்கும்போதே கழற்ற வேண்டும். பள்ளத்தில் சிக்கிய கல்லை அவ்வப்போது நெம்பி எடுங்கள். வெட்டு விழுந்தால் உடனே அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே போனால் ரேடியலின் இரும்புப் பெல்ட் துருப்பிடித்து, ஒட்டிய பட்டை பிரிந்து வரும். ரீட்ரேடு டயருக்கு டம்மிதான் இடம், முன் ஆக்சில் அல்ல.

டயர் உண்மையிலேயே தயாரிப்புக் கோளாறு என்றால் கம்பெனியிடம் கிளெய்ம் (நஷ்ட ஈடு) உண்டு. மீதமுள்ள பட்டன் ஆழத்தைக் கணக்கிட்டுத்தான் தொகை வரும், முழு விலை வராது. சோதிப்பவர் முதலில் தேடுவது காற்றில்லாமல் ஓடிய தடம், பீடு கருகல், வெளி வெட்டு ஆகியவற்றைத்தான். பில்லோடு, ஒவ்வொரு டயரின் சீரியல் எண்ணையும், மாட்டிய தேதி, இடம், கிலோமீட்டரையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். வழியில் டயர் மாறிப் போனாலும் கண்டுபிடிக்க அந்த எண்தான் கை கொடுக்கும்.